பக்கம் 71 முதல் 76 வரை

மூன்றாவது முறையாக என் ஆய்வுத் திட்டம் திரும்பி வந்தபோது அதில் ஒரேயொரு சிவப்பு வட்டம்தான் இருந்தது. முதல் முறை பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. இரண்டாம் முறை கொஞ்சம் குறைந்திருந்தது. இந்த முறை எல்லாப் பக்கங்களும் சுத்தமாக வந்து, கடைசியில், உசாத்துணைப் பட்டியலில், ‘பாக்கியரத்தினம், 2011’ என்ற பெயரைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம். பக்கத்தில் எங்கள் விரிவுரையாளர் சிவாஜினி மிஸ்ஸின் உருண்டையான எழுத்து: ‘இதன் முதற்பக்கப் பிரதி எங்கே? வெள்ளிக்கிழமைக்கு முன்.’ அன்றைக்குச் செவ்வாய். நான் காலை வேலையில் இருந்தேன். தாள்கட்டை மருந்து வண்டியின் கீழ்த்தட்டில் எறிந்துவிட்டு ஏழாம் கட்டில்காரரின் காலுக்கு மருந்து கட்டப் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ், இண்டைக்குக் கொஞ்சம் மெதுவாக் கட்டுங்கோ" என்றார்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. பதினைந்து வருடமாகச் சத்திரசிகிச்சை வார்டில் தாதி. இந்த வயதில் பட்டப்படிப்பு எதற்கு என்று கிண்ணியாவில் என்னைக் கேட்காத ஆளில்லை. சனி, ஞாயிறு வகுப்பு, மற்ற நாட்களில் வார்டு. என்னோடு படிக்கிற பதினான்கு பேரும் இப்படித்தான், சீருடையோடு வந்து கடைசி வாங்கில் தூங்கி விழுகிறவர்கள். வெள்ளிக்கிழமை என் திட்டம், ஆய்வுகளுக்கு அனுமதி தருகிற ஒழுக்கநெறிக் குழுவுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்து. அதோடு பட்டமும் ஒரு வருடம் பின்னால் போய்விடும்.

முதற்பக்கச் சட்டம் இந்த வருடம்தான் வந்தது. போன வருடம் ஒரு பிள்ளை, நேரமில்லாத கொடுமையில், கம்பியூட்டரிடம் கேட்டு உசாத்துணைப் பட்டியலை எழுதுவித்துவிட்டாள். பார்க்க லட்சணமான பட்டியல். பெயர், வருடம், பக்கம் எல்லாம் இருந்தது, கட்டுரைகள்தான் இருக்கவில்லை. பதினெட்டில் ஒன்பது உலகத்திலேயே இல்லாதவை. சிவாஜினி மிஸ் அவளை வகுப்புக்கு முன்னால் எழுப்பி நிறுத்தி, "வாசிக்காததை வாசிச்சன் எண்டு எழுதுறது, நோயாளிக்குக் குடுக்காத மருந்தைக் குடுத்தன் எண்டு சார்ட்டில எழுதுற மாதிரி" என்றார். அதனால் இந்த வருடம் தொடக்கம் ஒவ்வொரு கட்டுரைக்கும் முதற்பக்கத்தை அச்செடுத்து இணைக்க வேண்டும். நானும் அந்தச் சட்டத்துக்குத் தலையாட்டியவள்தான். கொடுக்காத மருந்தை எழுதுகிறவர்களை எனக்கும் பிடிக்காது.

என் தலைப்பு, வீட்டில் படுக்கையில் கிடக்கிற சுழியோடிகளின் படுக்கைப் புண். சங்குக்கும் கடலட்டைக்கும் காற்றுச் சிலிண்டரோடு இறங்கி, ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி போனவர்கள் எங்கள் பக்கத்தில் ஊருக்கு நாலைந்து பேர் இருக்கிறார்கள். இதைப் பற்றி உலகம் என்ன எழுதியிருக்கிறது என்று தேடத் தொடங்கியபோதுதான் உலகத்துக்கு எங்களைத் தெரியாது என்று தெரிந்தது. தலைப்பும் சுருக்கமும் இலவசம். சுருக்கம் சரியாக, நமக்கு வேண்டிய இடத்துக்கு முன்னால் முடிந்துவிடும். அதற்குக் கீழே ஒரு பூட்டின் படம், திறக்க டொலரில் கட்டு என்று. பூட்டில்லாத கட்டுரைகளில் நோயாளி காற்று மெத்தையில் படுத்திருக்கிறார், அவரைத் தூக்க ஒரு இயந்திரம், பக்கத்தில் மூன்று தாதியர். எங்கள் வார்டில் முப்பத்தாறு பேருக்கு இரண்டு பேர் நிற்கிற நாட்களும் உண்டு. துருக்கியில் ஒரு பேராசிரியைக்கு என் நொண்டி ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். அரை மணித்தியாலத்தில் முழுக் கட்டுரையையும் அனுப்பி, அன்புச் சகோதரி என்று வேறு எழுதியிருந்தார். கொழும்பில் ஒருவருக்கு எழுதியதற்கு இன்றுவரை பதிலில்லை. இப்படிக் கெஞ்சி, டேட்டா முடிய முடிய ரீலோட் போட்டு, கிண்ணியா பஸ்ஸில் நின்றபடி போனில் வாசித்து, பதினேழு சேர்த்துவிட்டேன். பதினெட்டாவதுதான் பாக்கியரத்தினம்.

அவர் இல்லாமல் முடியாது. மற்றப் பதினேழும் வேறு நாட்டுக் கட்டில்களைப் பற்றியவை. இந்த மாவட்டத்தில் இப்படியொரு பிரச்சினை இருக்கிறது என்று சொல்கிற ஒரே கட்டுரை அவருடையது. திருகோணமலை மாவட்டத்தில் வீட்டில் பராமரிக்கப்படும் சுழியோடிகளில், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குடும்பத்தவர் புரட்டிவிட்டால், பத்தில் ஏழு பேருக்குப் புண் ஆறுகிறது. இந்த வரி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். சீனியர்கள் படிப்பை முடித்துப் போகும்போது ஜூனியர்களுக்கு ஒரு பென்டிரைவ் கொடுத்துவிட்டுப் போவார்கள். பழைய ஆய்வுகள், பட்டியல்கள், மாதிரிப் படிவங்கள் எல்லாம் உள்ள அந்தக் கோப்புறைக்குப் பெயரே ‘சீதனம்’. அதிலுள்ள ஒன்பது ஆய்வுகளில் பாக்கியரத்தினம் இருக்கிறார். ஒன்றிலும் கட்டுரை இல்லை. பெயரும், வருடமும், சஞ்சிகையின் நான்காம் இதழ், பக்கம் 71 முதல் 76 வரை என்பதும் மட்டும். இணையத்தில் தேடினாலும் அந்த ஒன்பது பேரில் யாராவது ஒருவரின் பட்டியல்தான் வந்து நிற்கும்.

நான் அந்த வரியைப் படிப்பதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். நாலு வருடத்துக்கு முன், வார்டுத் தாதியருக்கு நடந்த ஒருநாள் வகுப்பில் சிவாஜினி மிஸ் அதைப் பலகையில் எழுதினார். பத்தில் ஏழு. அந்த மாதம்தான் என் தம்பி நௌபரைக் கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சங்குக்கு இறங்கியவன், கால் இரண்டும் செத்து, முதுகுக்குக் கீழே கையகலப் புண் ஒன்றோடு வந்தான். அவன் மனைவி ஜுமானா அப்போது பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். நான்தான் அவளைக் கதிரையில் உட்காரவைத்து, இப்படித் தோளைப் பிடி, இப்படி இடுப்பைத் தள்ளு, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வை என்று காட்டிக் கொடுத்தேன். சுவரில் ஒரு கலண்டரை மாட்டி, ஆணியில் நூலால் ஒரு பேனையையும் கட்டி, ஒவ்வொரு முறை புரட்டும்போதும் ஒரு கோடு போடு என்றேன். "பத்துல ஏழு பேருக்குப் புண் ஆறி மாறுது புள்ள, ஆராய்ச்சி பண்ணிக் கண்டிருக்காங்க" என்றேன்.

அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். நாளுக்குப் பன்னிரண்டு கோடு. நோன்புக்கும் பன்னிரண்டு, பெருநாளுக்கும் பன்னிரண்டு. அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் நான் போய்ப் பிடித்தேன், கோட்டை அவள்தான் போட்டாள். நாலு கலண்டர் முடிந்துவிட்டது. புண் சுருங்கும், தோல் மூடும், சந்தோசப்படுவோம், பிறகு ஏதோ ஒரு மாதத்தில் மறுபடியும் திறக்கும். போன நோன்பில் நான் மருந்து கட்டிக்கொண்டிருந்தபோது ஜுமானா குனிந்தபடியே சொன்னாள், "பத்துல ஏழு பேருக்கு மாறுதெண்டா, எங்கட மாறாதது என்ட பிழைதானே மதினி. எங்கயோ தூக்கத்தில ஒரு கோட்டைப் பொய்யாப் போட்டிருப்பன்."

அப்படியெல்லாம் இல்லை என்றேன். ஆனால் அன்றைக்கே நினைத்தேன், அந்தக் கட்டுரை கையில் கிடைத்தால் மற்ற மூன்று பேரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று. சர்க்கரை நோயா, எலும்பு வரை போன புண்ணா, சாப்பாடா, என்ன காரணம் என்று. யாருடைய பிழையும் இல்லை என்று ஒரு வரி இருந்தால் அதைத் தமிழில் எழுதி அவள் கையில் கொடுத்திருப்பேன். தலைப்பைத் தெரிவு செய்யும்போது மிஸ்ஸிடம் ஏதேதோ காரணம் சொன்னேன். உண்மையில் அந்த மூன்று பேருக்காகத்தான் அதை எடுத்தேன்.

புதன்கிழமை வேலை முடிந்து, சீருடையை மாற்றாமலே, துறைமுகப் பக்கமாக இருக்கிற தாதியர் நூலகத்துக்கு நடந்தேன். வாசலில் இரண்டு மான்கள். இந்த நகரத்து மான்களுக்குப் புல்லைவிடக் கடதாசி பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் செருப்பைக் கழற்றும்போது, முதற்பக்கப் பிரதிகள் இருந்த கோப்பைப் படியில் வைத்தேன். ஒரு மான் துருக்கிப் பேராசிரியையின் முதற்பக்கத்தை இழுத்துக்கொண்டு போய், மதில் ஓரமாக நின்று, என்னைப் பார்த்தபடியே மென்றது. ஒரு கல்லை எடுத்தேன். பிறகு பாவம் என்று போட்டுவிட்டேன். பதினேழு பதினாறாகிவிட்டது.

நூலகர் இக்ராம் என் வயதுக்காரர். பாக்கியரத்தினம் என்று நான் வாயைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

"வந்திட்டீங்களா மிஸ். இந்த வருசம் இன்னும் ஒருத்தரையும் காணல்லியே எண்டு பாத்தன்."

அலுமாரியைத் திறந்து ஒரு மெல்லிய சஞ்சிகையை எடுத்து மேசையில் வைத்தார். நான்காம் இதழ். அவ்வளவு நாள் தேடிய பொருள் இத்தனை சுலபமாக முன்னால் வந்ததும் எனக்கு உட்காரவும் தோன்றவில்லை. புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் சங்க உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியல், அதற்குக் கீழே இலக்கம் 64. அட்டையைப் பிரித்து, வேறு தாள் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்தேன். 64க்குப் பிறகு பின்னட்டைதான் இருந்தது.

"அச்சடிச்ச ஆக்களுக்கும் கடிதம் போட்டனான்," என்றார் இக்ராம். "அப்படி ஒரு கட்டுரை அவங்களுக்கு வரவுமில்லை, அவங்க போடவுமில்லை. முன்னுக்கு உள்ள இதழ், பின்னுக்கு உள்ள இதழ், எல்லாம் பாத்தாச்சி."

"இத மத்த ஆக்களுக்குச் சொல்லல்லியா நீங்க?"

"எல்லாருக்கும் சொன்னன் மிஸ். சரி எண்டு தலைய ஆட்டிட்டுப் போவாங்க. பிறகு புத்தகம் கட்டி வரக்குள்ள பாத்தா, உள்ளுக்குப் பாக்கியரத்தினம் இருப்பார்."

அவர் ஒரு நீளமான பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். நூலகத்தில் இல்லாத கட்டுரையைக் கேட்கிறவர்கள் அதில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். திகதி, பெயர், கட்டுரை, கிடைத்ததா என்று நிரல்கள். அவர் விரலை வைத்து வைத்துக் காட்டினார். கீர்த்தனி, பாக்கியரத்தினம், இல்லை. நஸ்ரின், பாக்கியரத்தினம், இல்லை. ‘சீதனம்’ கோப்புறையின் ஒன்பது பேரும் வரிசையாக இருந்தார்கள். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரியில் அதே ஒன்பது பேரின் ஆய்வுகளும் தங்க எழுத்தில் நின்றன. எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பத்தாவது பெயரை அவர் காட்டியபோது சிரிப்பு நின்றது. எல்லோருக்கும் முதலில் கேட்டவர் அவர்தான். உருண்டையான எழுத்து. சிவாஜினி. இல்லை. அவருடைய ஆய்வும் அலுமாரியின் ஓரத்தில் இருந்தது, பட்டியலில் பாக்கியரத்தினத்தோடு.

"நீங்களும் எழுதிட்டுப் போங்க மிஸ். சட்டம்," என்று இக்ராம் பேனையைத் தந்தார். எழுதினேன். அவர் பக்கத்தில் ‘இல்லை’ என்று போட்டார். நான் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மானைக் காணவில்லை.

இரவு முழுக்க எனக்குக் கோபம். மிஸ்ஸில் கோபம், அந்த ஒன்பது பேரில் கோபம். போன வருடம் எழுப்பி நிறுத்தப்பட்ட பிள்ளையை நினைத்து அழுகை கூட வந்தது. அவளாவது ஒரு இயந்திரத்தை நம்பினாள்.

வியாழன் காலை பத்து மணிக்கு மிஸ்ஸின் அறையில் நின்றேன். இருங்கோ என்றார். நான் இருக்கவில்லை. போனை மேசையில் வைத்தேன்.

"இது உங்கட எழுத்துத்தானே மிஸ்?"

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். தன் பெயரைப் பார்க்கிற மாதிரித் தெரியவில்லை, ‘இல்லை’ என்ற சொல்லைத்தான் பார்த்தார்.

"ஓம்," என்றார். பிறகு, "அந்த மனுசன் ஒரு கூட்டத்தில கதைச்சவராம். எழுதித் தாறன் எண்டும் சொன்னவராம். பிறகு கனடாவுக்குப் போயிட்டார். எனக்குப் படிப்பிச்ச மிஸ் தன்ர குறிப்பில இருந்து எனக்குத் தந்தவ. பக்கம் ஆர் போட்டதெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

"இல்லையெண்டு தெரிஞ்ச பிறகும் எழுதியிருக்கிறீங்கள். படிப்பிச்சும் இருக்கிறீங்கள்."

"எனக்கும் ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது பஸ்மியா."

கொடுக்காத மருந்து என்று நான் சொல்லவில்லை. அது அவருக்கு ஞாபகம் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. அவர் என் திட்டத்தை எடுத்து, தான் போட்ட சிவப்பு வட்டத்தை விரலால் தடவினார்.

"இவ்வளவு நாளும் ஆராவது கண்டுபிடிச்சுக் கொண்டுவருவினம் எண்டு நினைச்சன். அதாலதான் இந்தச் சட்டம் வர முதலே ஒவ்வொரு வருசமும் வட்டம் போட்டனான்," என்றார். "இந்த வரியை எடுத்தா, இங்க பிரச்சினை இருக்கெண்டதுக்கு உங்களிட்ட ஒரு ஆதாரமும் இல்லை. குழு திருப்பி அனுப்பும். வைச்சா, முதற்பக்கம் நூலகத்தில பாத்தது எண்டு நான் எழுதி விடுறன். அவையள் ஒருத்தரும் எழும்பிப் போய்ப் பாக்கப் போறதில்லை."

"எங்கட வீட்டில ஒராள் அந்தப் பத்தில ஏழு எண்டதை நாலு வருசமா நம்பிக்கொண்டு இருக்கிறா மிஸ்."

அது யார் என்று மிஸ் கேட்கவில்லை. படிவத்தில் கையெழுத்தைப் போட்டு, ‘முதற்பக்கம்’ என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு, என் பக்கம் தள்ளினார். "நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு முதல் கொண்டாங்கோ. எப்பிடியெண்டாலும் கொண்டாங்கோ." எனக்கு அவரை நன்றாக வெறுக்க வேண்டும் போலிருந்தது. முழுதாக முடியவில்லை. அவர் அந்த வரியைப் பலகை வரைக்கும்தான் கொண்டுவந்தார். வாசிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனது நான்.

பின்னேரம் கிண்ணியா பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. பாலத்தில் ஏறும்போது கீழே தண்ணீர் பளபளவென்று இருந்தது. வள்ளங்கள் நின்றன. பைக்குள் படிவம். அந்த ஒரு கட்டத்தை நிரப்ப, ‘முதற்பக்கம் நூலகத்தில் பார்த்தது’ என்று மூன்று சொல் போதும். பதினைந்து வருடத்தில் எத்தனை சார்ட் எழுதியிருக்கிறேன், இந்த மூன்று சொல்லுக்கு என்ன பாரம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பாலம் முடிவதற்குள் இரண்டு தரம் எழுதுவது என்றும் இரண்டு தரம் எழுதுவதில்லை என்றும் முடிவெடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்குப் போகாமல் நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். அஸர் தொழுகை முடிந்து ஜுமானா முக்காட்டோடு கட்டிலின் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். நௌபர் இடப்பக்கம் சரிந்து, போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கட்டுரையைத் தேடுகிறேன் என்று சொன்னதிலிருந்து, இரண்டு வாரமாக நான் உள்ளே வரும்போதெல்லாம் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள்.

"கிடைச்சிச்சா மதினி?"

இல்லை என்று சொல்லி நாளைக்குத் தள்ளிவிடலாம். நாலு வருடமாகத் தள்ளியது போதும் என்று பட்டது.

"அப்படி ஒரு கட்டுரை இல்ல புள்ள."

"நூலகத்தில இல்லியா?"

"எங்கயும் இல்ல. ஆரும் எழுதவே இல்ல. ஒராள் வாயால சொன்னதாம், மத்த ஆள் அத எழுதினது, அதப் பாத்து இன்னொராள் எழுதினது. அந்த ஏழு பேரும் இல்ல, மூணு பேரும் இல்ல."

நௌபர் போனை நெஞ்சில் வைத்தான். "அப்ப நான் எத்தினையாவது ஆள் ராத்தா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"புரட்டுறது சரிதான் ஜுமானா," என்றேன். எனக்கே என் குரல் வகுப்பெடுக்கிற மாதிரிக் கேட்டது. "அது எல்லாக் கட்டுரையிலயும் இரிக்கு, நானே வாசிச்சன். நீ புரட்டாட்டி இவன் இண்டைக்கு இல்ல. பத்துல ஏழு எண்டதுதான் பொய். உன்ட பிழை எண்டு ஒண்டும் இல்ல. நான் வாசிக்காம வந்து சொன்னதுதான் பிழை."

அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. எழுந்து, முக்காட்டின் நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு, "நாலாயிட்டு. பிடிங்க" என்றாள்.

நான் தோளைப் பிடித்தேன். அவள் இடுப்பைப் பிடித்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தேவையில்லாத அளவுக்கு அவளுடைய கைகள் பழகியிருந்தன. வலப்பக்கம் சரித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணையைச் செருகி, சாரத்தின் சுருக்கத்தை விரலால் நீவி விட்டாள். புண்ணின் கட்டை முகர்ந்து பார்த்தாள். நாலு வருடத்தில் அவளுக்கு மூக்கே சொல்லும், இன்றைக்கு எப்படி என்று. என் பதினேழு கட்டுரைகளில் ஒன்றிலும் அப்படி ஒரு மூக்கு இல்லை.

நான் அவளுடைய கதிரையில் உட்கார்ந்தேன். அவள் சுவரடிக்குப் போனாள். பழைய கலண்டர்கள் நாலும் அலுமாரிக்கு மேல் சுருட்டி, இறப்பர் வளையம் போட்டு இருந்தன. புதுக் கலண்டரில் வியாழக்கிழமைக் கட்டத்தில் எட்டுக் கோடுகள், ஒன்றோடொன்று முட்டாமல், பாலர் பாடசாலை ஆசிரியையின் நேர்த்தியோடு நின்றன. நூலில் தொங்கிய பேனையை எடுத்து மூடியைக் கழற்றினாள். கட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். நௌபரும் நானும் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோடு போடவில்லை. திரும்பி, பேனையை என் பக்கமாக நீட்டினாள். நூல் பாதித் தூரம்தான் வந்தது. மீதித் தூரத்துக்கு நான் எழும்ப வேண்டியிருந்தது.